சமுத்திரத்தின் அடுப்பு

சட்டியில் பால் ஒருபக்கமாக ஏறி நின்றது. முனீஸ்வரி சட்டியைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். திருப்பின பிறகும் பால் கிழக்கு விளிம்பில்தான் ஏறியது. அடுப்பை கேஸுக்கு மாற்றித் தந்த கொழுந்தன் பாலகணேஷை மனசுக்குள் நன்றாகத் திட்டினாள். ராஜபாளையத்தில் அடுப்பு ரிப்பேர் கடை வைத்திருக்கிறவனுக்கு ஓர் அடுப்பை மட்டமாக நிறுத்தத் தெரியவில்லையே.

அது வீட்டு அடுப்பு இல்லை. தூத்துக்குடிச் சரக்குத் தோணியில் சமையல்காரனாக இருந்த அவள் புருஷன் சமுத்திரத்தின் அடுப்பு. தோணி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சட்டி கவிழாமல் இருக்க, ஓர் இரும்புச் சட்டத்துக்குள் இரண்டு பக்கமும் கம்பியில் தொங்கி ஆடுகிற மாதிரி செய்தது. அவன் குடித்துவிட்டுக் கடலில் விழுந்தான் என்று சொல்லி, ஆளுக்குப் பதில் முதலாளி அதைத்தான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பிவைத்தார். பெற்ற பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் போன மனுஷன். வந்ததும் நான்தான் தூளி ஆட்டுவேன் என்று போனில் மட்டும் வாய் கிழியப் பேசுவான்.

போன வாரம் அடுப்பைக் கழற்றிய பாலகணேஷ், முகம் செத்துப்போய் நிமிர்ந்தான்.

"மதினி, இது முன்னமே ஒருக்கா கேஸுக்கு மாத்துன அடுப்பு. வெடிச்சிருக்கு, உள்ள தகடெல்லாம் கரிஞ்சு நெளிஞ்சு கிடக்கு. பொறவுதான் மண்ணெண்ணெய் பர்னரை மாட்டி, பெயிண்ட் அடிச்சு அனுப்பியிருக்காவ."

தோணியில் கேஸ் ஆகாது, கசிந்தால் அடியில் இறங்கிப் படுத்துக்கொள்ளும் என்று சமுத்திரம் கடைசியாகப் பேசியபோது சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. அப்படியானால் அவன் குடிக்கவில்லை. அடுப்பு வெடித்துத்தான் போயிருக்கிறான், அதை மறைத்திருக்கிறார்கள். ஆனால் யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால்தான் சொல்லிவிடுவார்களா? காலையில் அவள் கிண்டி விற்கிற பால்கோவாவை வாங்க ஆள் வந்துவிடும்.

"மாத்திரு," என்றாள். "ஆடாம ரெண்டு போல்ட்டும் போட்டிரு."

இப்போது வெளியே மழை பிடித்திருந்தது. ஓட்டில் விழுகிற சத்தமும், பால் சுண்டுகிற தித்திப்பு வாசமும், அதற்கு அடியில் எங்கிருந்தோ கசிந்து வந்த மண்ணெண்ணெய் வாடையும் சேர்ந்து தலையைச் சுற்ற, அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் குனிந்து ட்யூபை மோந்து பார்த்தாள். வீட்டில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் கிடையாது. கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது. விழுந்த இடத்தில் நிற்காமல் கிழக்குச் சுவர்வரைக்கும் தானாகச் சறுக்கிக்கொண்டு போனது.

அடுப்பில் கோளாறு இல்லை, வீடுதான் சாய்கிறது. சமுத்திரம் பெருமையாகச் சொல்வானே, "ஏட்டி, என் அடுப்பு எங்க ஆடுது? அதைச் சுத்தித் தோணிதான் ஆடுது."

போல்ட் ஒன்று கழன்று விழுந்தது. பிறகு அடுத்தது. அடுப்பு மெல்ல ஆடி, சட்டத்துக்குக் கோணலாக வந்து நின்றது. சட்டியில் பால் இப்போது மட்டமாக இருந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். உத்தரத்தில் தொங்கிய தூளியும் அதே கோணலில் நின்றது. உள்ளே பிள்ளை யோகேஸ்வரி.

ஓடினாள். தரை மேடாக இருந்தது. சுவரைப் பிடித்து ஏறினாள். கால் வழுக்கியது. தண்ணீர். கடல் வாடை.

தூளி ஆடிக்கொண்டிருந்தது. பச்சைப் பிள்ளைக்கு அவ்வளவு கனம் ஏது? சேலை புடைத்துத் தரையைத் தொட இறங்கியிருந்தது. உத்தரம் முனகியது. உள்ளே பிள்ளை கெக்கெக்கென்று சிரித்தது.

"ஏங்க," என்றாள்.

சேலையின் ஓரம் விலகியது. இரண்டு பெரிய பாதங்கள். பாதி கருகியவை. பாதி ஊறி வெளுத்தவை. விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்தது.

பிள்ளையின் சிரிப்பு நின்றது.

தூளி ஆடிக்கொண்டே இருந்தது.