மென்ற கயிறு

கயிறு முழங்கால் உயரத்தில் இருக்கவேண்டும். இது அவள் வாய் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் வேலையைச் சொன்னால் பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். காட்டுப்பன்றியின் எச்சில் பிடிக்கிற வேலை. வெல்லத் தண்ணீரில் ஊறவைத்த பருத்திக் கயிற்றை மரத்தில் தாழக் கட்டிவிட்டு வந்தால், இனிப்புக்கு ஆசைப்பட்டுப் பன்றிகள் வந்து மென்றுவிட்டுப் போகும். மறுநாள் போய் அந்த ஈரக் கயிற்றைப் பைக்குள் வைத்துப் பிழிந்து, வடிவதைக் குப்பியில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும். காட்டு நோய் எதுவும் பண்ணைப் பன்றிகளுக்குத் தாவப்போகிறதா என்பதற்கு அந்தக் குப்பிதான் முதல் துப்பு. இந்த மழைக்காலத்தில் வந்திருந்த நோய் விசித்திரமானது. பிடித்துக்கொண்ட பன்றி ஓடாது, உறுமாது. நின்ற இடத்திலேயே நின்று வெறும் வாயை மென்றுகொண்டிருக்கும், நாட்கணக்கில், விழுந்து சாகும்வரை.

கயிற்றின் நுனி பஞ்சு பஞ்சாகப் பிரிந்து, இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பன்றி கடித்திருந்தால் கந்தலாகக் கிழிந்திருக்கும். இதில் சின்னச் சின்னப் பற்கள், ஒழுங்காக, வளைந்த வரிசையில் பதிந்திருந்தன. அடியில் ஒரு குளம்புத் தடம்கூட இல்லை.

"என்னம்மா, உன் பன்னி ரெண்டு கால்ல நிக்கக் கத்துக்கிச்சா?" என்றார் டிரைவர், ஜீப்பிலிருந்தபடியே.

"நீங்கதானே அண்ணே மாத்திக் கட்டினது?"

"எனக்கு வண்டிய விட்டு இறங்கவே உடம்பு வணங்காது. இதுல மரத்துல கயிறு வேற கட்டுறேனாக்கும்."

அவள் சிரித்தாள். சிரித்ததும் தாடை வலித்தது. கொஞ்ச நாளாகவே காலையில் எழுந்தால் அந்த வலி. கடைவாய்ப் பல்லாக இருக்கும், போய்ப் பார்க்கவேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். முடிச்சை அவிழ்க்கக் கை வைத்தவள், அப்படியே நின்றாள். முடிச்சு இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது. அந்த வேலையில் இடதுகைக்காரி அவள் ஒருத்திதான்.

முடிச்சு ஈரத்தில் இறுகிக் கிடந்தது. கையுறை வழுக்கியது. பழக்கதோஷத்தில் குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள்.

"மறுபடியும் வாயை வச்சுட்டியா. எத்தனை தடவை சொல்றது உனக்கு" என்று டிரைவர் அலுத்துக்கொண்டார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று அவருக்கும் தெரியும்.

மறுநாள் மத்தியானம் ஆய்வகத்துப் பெண் ஃபோன் செய்தபோது அவள் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் சாயங்காலம் மருந்துத் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்து வைக்கிற பூட்ஸ். இப்போது அது நிமிர்ந்து நின்றது. உள்ளே சேறு, இன்னும் காயாத சேறு. வீட்டுக்குள்ளிருந்து வெல்ல வாசனை வந்தது. வேலையில் முகர்ந்து முகர்ந்து வெறுத்துப்போய், அவள் வீட்டுக்கென்று வெல்லம் வாங்கியே வருஷக்கணக்காகிறது.

"அக்கா, அந்த உசரத்துக் கயிறு. அதுல நோய் இருக்கு" என்றாள் அந்தப் பெண். "ஆனா பன்னி எச்சில் துளிகூட இல்ல. முழுக்க மனுஷ எச்சில்."

"குப்பிய மாத்தி வச்சிருப்பே."

"மறுபடியும் பார்த்துட்டேன்க்கா."

"மனுஷங்களுக்கு இது வராதில்ல?"

"வராதுன்னுதான் படிச்சிருக்கோம்."

அவளுக்கு முதலில் தம்பியின் ஞாபகம்தான் வந்தது. காட்டுக்கு அந்தப் பக்கம் அவனுக்குப் பன்றிப் பண்ணை. அம்மாவும் அப்பாவும் போனபிறகு அவளுக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான். நோய் உள்ளே நுழைந்தால் ஒன்று விடாமல் கொன்று, ஒரே குழியில் போட்டு மூடிவிடுவார்கள். ஒவ்வொரு தாய்ப்பன்றிக்கும் பெயர் வைத்துக் கூப்பிடுகிறவன் அவன். காட்டு வேலை பார்க்கிறவர்கள் கொட்டகைக்குள் கால் வைக்கக்கூடாது என்பது விதி. மழை தொடங்கியதிலிருந்து அவள் கேட்டைத் தாண்டியதே இல்லை. "ஏதோ பகையாளி வீட்டுக்கு வந்த மாதிரி வெளியிலயே நிக்கிறியே" என்று அவன் கேலி செய்வான். அவள் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சிரிப்பாள்.

அவனுக்கு ஃபோன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். வண்டியை எடுத்துக்கொண்டு காட்டைச் சுற்றிக் கிளம்பினாள்.

அங்கே போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்து, மழை சன்னமாகத் தூறிக்கொண்டிருந்தது. தீனி போடும் நேரம். தெருமுனைக்கே கேட்கவேண்டும் அந்தக் கத்தல், பிறாண்டல், தொட்டிகளை முட்டுகிற சத்தம். ஒன்றையும் காணோம். தகரக் கூரையில் மழை விழுகிற ஒலி மட்டும். அதற்கடியில் வேறு ஏதோ. மெதுவாக. ஈரமாக. ஒரே சீராக.

கேட் திறந்து கிடந்தது.

அவள் கேட்டைத் தாண்டவில்லை. தம்பி கொட்டகை வாசலில் வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"வாக்கா. என்ன, மறுபடியும் அங்கயே நின்னுட்டே?"

"நான் எப்ப உள்ள வந்தேன்?"

"கொஞ்ச நாளா தினமும்தான் வர்றே. இருட்டோட இருட்டா வர்றே, கயிறு கட்டுறே, ஒரு வார்த்தை பேசாம போயிடுறே. எம்மேல ஏதோ கோபமாக்கும்னு இருந்துட்டேன்." அவன் பின்னால் கையைக் காட்டினான். "இதுங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. சண்டையே போடுறதில்ல இப்பல்லாம்."

அவள் பார்த்தாள். கொட்டகை நெடுகக் கயிறுகள். முழங்கால் உயரத்தில், வரிசையாக. எல்லா முடிச்சும் இடப்பக்கம் சுற்றியவை. அவற்றின் எதிரே பன்றிகள் அசையாமல் நின்றன. கயிறு எதன் வாயிலும் இல்லை. ஆனாலும் வாய்கள் அசைந்தன.

பாவி, நான்தான். நானேதான் கொண்டுவந்து கட்டினேன்.

வாசல் தூணில் இன்னொரு கயிறு. அது மட்டும் உயரத்தில். நுனி பஞ்சு பஞ்சாக. ஈரமாக.

"அது..." அவள் அந்தக் கயிற்றைக் காட்டினாள். "அது யாருக்குடா?"

"எனக்குன்னுதானேக்கா கட்டினே?"

சிரித்தான். சின்ன வயதிலிருந்து அவளுக்குத் தெரிந்த சிரிப்பு. சிரிப்பு நின்றது. தாடை நிற்கவில்லை.

ஓடு என்று சொல்ல வாயைத் திறந்தாள். வாய் நிறைய இனிப்பாக ஊறியது. பல்லிடுக்கில் ஏதோ இழை. நாக்கு அதைத் தேடிப் போனது. வார்த்தை வரவில்லை. வாய் மூடியது. திறந்தது. மூடியது.

கம்பிக்கு இந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கம் அவன். அவனுக்குப் பின்னால் வரிசையாகப் பன்றிகள், ஒவ்வொன்றாக அவள் பக்கம் திரும்பி நின்று, அவனோடும் அவளோடும் ஒரே சீராக, வெறும் வாயை மென்றுகொண்டிருந்தன.