வெள்ளிக்கிழமைப் பால்

கிண்ணத்தில் பால் இல்லை. துணி போட்டுத் துடைத்ததுபோலக் காய்ந்து கிடந்தது.

நிலாணி மகனின் அறையிலிருந்த கண்ணாடித் தொட்டியைப் பார்த்தாள். மூடியின் இரண்டு கொளுவிகளும் இறுக்கமாகத்தான் இருந்தன. உள்ளே மிதுனனின் பாம்பு மரப்பட்டைக்குக் கீழே சுருண்டிருந்தது.

மிதுனனுக்கு இழுப்பு வருத்தம். நாய் பூனையின் மயிர் ஆகாது. ஒன்பது வயதுப் பிள்ளை தனியே கிடந்து ஏங்குகிறதே என்றுதான் போன மாதம் பாம்பு வாங்கப் போனார்கள். கடைக்காரி மெலனி ஒவ்வொன்றாகக் காட்டினாள். போவா வளர்ந்தால் இவர்களுடைய ஸ்காபரோ டவுன்ஹவுஸ் காணாது. பைதன் சிலவேளை மாதக்கணக்கில் இரை தொடாது, வீட்டார் பயந்துபோவார்கள். கோர்ன் பாம்பு சாது, கிழமைக்கு ஒரு எலி போதும், தாயும் தகப்பனும் வேலைக்குப் போகிற வீட்டுக்கு அதுதான் தோது என்றாள்.

தோதுதான். ஆனால் பாம்பை வீட்டில் வைத்துக்கொண்டு நாகதம்பிரானுக்கு ஒரு சொட்டுப் பால் வைக்காமல் விட நிலாணிக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை தொட்டியடியில் வைத்தாள். பின்னேரம் காலி.

"நீங்களோ பாலை எடுத்து ஊத்தினது?" என்று கணவன் ஜெயந்தனைக் கேட்டாள்.

"எனக்கென்ன விசரே? பாம்பு பால் குடிக்காதப்பா."

"ஐ ஸ்வெயர் அம்மா, நான் தொடேல்லை" என்றான் மிதுனன்.

இரண்டு பேரையும் அவள் நம்பவில்லை. அடுத்த வெள்ளி அவர்கள் வெளிக்கிட்ட பிறகு பாலை வைத்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். முதல் ஆளாகத் திரும்பியும் வந்தாள். கிண்ணம் காலி. அது தொட்டியடியில் இல்லை, மிதுனனின் கட்டில் காலடியில் இருந்தது. பாம்பு கட்டிலுக்குத் தூரத்து மூலையில் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது. படையை நடுக்குகிற சாதி அது எதற்குப் பயப்படுகிறது? பாம்புக்கென்று வைத்த பாலுக்கு வேறேதோ பழகிவிட்டது.

மூன்றாம் வெள்ளி அவள் பால் வைக்கவில்லை. கிண்ணத்தைக் கழுவி அலுமாரியின் மேல்தட்டில் ஏற்றினாள்.

மார்கழி மாதம், ஐந்து மணிக்கே இருண்டுவிட்டது. மிதுனன் காய்ச்சலென்று மேலே படுத்திருந்தான். ஜெயந்தன் இன்னும் விட்பியில், வேலையில். குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த நிலாணிக்கு, சூட்டுக்காற்று வருகிற துவாரத்தின் இரைச்சலுக்குள்ளே, புளித்த பாலின் மணத்தோடு சேர்ந்து, ஏதோ நாக்கால் நக்கி நக்கிக் குடிக்கிற சத்தம் மேலேயிருந்து இறங்கி வருவது கேட்டது.

அலுமாரியைத் திறந்தாள். கிண்ணம் இல்லை.

"மிதுன்?"

படியேறினாள். சளப். சளப். கதவு திறந்திருந்தது.

பாம்பு கண்ணாடியில் மூக்கை உரசி உரசி இரத்தம் வரப்பண்ணியிருந்தது. மிதுனன் மல்லாந்து கிடந்தான். கண்கள் மூடியிருந்தன. உதடு வெளுத்திருந்தது. நெஞ்சின்மேல் கிண்ணம்.

வெறுங்கிண்ணம்.

சத்தம் நிற்கவில்லை. அது போர்வைக்குள்ளே, பிள்ளையின் கழுத்தடியிலிருந்து வந்தது.