பெடலை மிதித்த பாதம்

பெடல் அசைந்தது.

காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த பல் டாக்டர் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அறுபது வயதுக் கிழட்டு வண்டி. கிளட்ச் பெடலின் தண்டு தரைத் தகட்டைத் துளைத்துக்கொண்டு அவர் முகத்துக்கு நேராகத் தொங்கியது. அதிலிருந்த கேபிளைக் காலையிலேயே கழற்றிவிட்டார். பிடிமானம் இல்லாத இரும்பு ஆடத்தானே செய்யும்? ஆனால் அது ஆடவில்லை. நிதானமாக அடிவரை இறங்கி, ஒரு கணம் நின்று, அதே நிதானத்தோடு மேலே ஏறியது.

"காருக்குள்ள ஏறாதம்மா. வண்டி ஸ்டாண்டு மேல நிக்குது," என்றார்.

மனைவியின் பதில் இரண்டு சுவர் தாண்டி, சமையலறையிலிருந்து வந்தது. "யார்கிட்ட பேசறீங்க? நான் இங்க பாத்திரம் தேய்ச்சிட்டு இருக்கேன்."

"ஒண்ணுமில்ல."

"மெக்கானிக்கைக் கூப்பிட்டா கௌரவம் குறைஞ்சிடுமா? பல்லைப் புடுங்கற கைக்கு இது தேவையா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வண்டியை விற்ற வீட்டில் சாவியை ஜன்னல் கம்பி வழியாகத்தான் நீட்டினார்கள். வண்டி தெருமுனை திரும்பும்வரை ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. அப்போது உறைக்காதது இப்போது உறைத்தது.

வெளியே மதிய மழை ஷெட்டின் தகரக் கூரையை விடாமல் அறைந்துகொண்டிருக்க, கருகிய பழைய கிளட்ச் தட்டின் நெடியும் மண்ணெண்ணெயும் கழிவு ஆயிலும் கலந்த காற்று மூக்கில் பிசுபிசுத்தது. பம்பரில் மாட்டிய கைவிளக்கு லேசாக ஆட, அச்சின் நிழல் சுவரில் நீண்டு சுருங்கியது. புதிய தட்டு பொருந்திவிட்டது. கியர்பாக்ஸை ஏற்றினால் முடிந்தது. அது உட்கார்ந்திருந்த ஜாக்கியை மெல்ல மெல்ல உயர்த்தி, இரண்டு கைகளாலும் தாங்கி, எஞ்சினோடு சேர்க்கப் போனார்.

தலைக்கு மேலே சீட்டின் ஸ்பிரிங் முனகியது. யாரோ சாய்ந்து உட்காரும் முனகல்.

வண்டி ஒரு விரற்கடை தாழ்ந்தது. ஜாக்கி வழுக்கியது.

கியர்பாக்ஸ் மார்பில் இறங்கியது.

கத்தினார். காற்றுதான் வந்தது. தள்ளிப் பார்த்தார், கிரீஸ் படிந்த கைகள் வழுக்கின. மூச்சை இழுக்க இழுக்க இரும்பு இன்னும் உள்ளே இறங்குவதுபோல் இருந்தது. அப்போதுதான் மனைவியின் ரப்பர் செருப்பு ஷெட்டுக்குள் வந்தது. உயிர் திரும்பியது அவருக்கு. நான்கடி தூரம். குனிந்தால் போதும்.

குனிம்மா. குனி.

காரின் கதவு திறந்தது.

"அட, வேலை முடிஞ்சுதா? அதுக்குள்ள சீட்ல ஏறி உக்காந்தாச்சு!" மனைவி சிரித்தாள்.

"முடிஞ்சுது."

அவருடைய குரல்.

இரண்டு வெறுங்கால்கள் தரையில் இறங்கின. வலது காலின் சுண்டுவிரல் பக்கத்து விரல்மீது ஏறிக் கிடந்தது. பிறந்ததிலிருந்தே அவருக்கு அப்படித்தான். அது அவருடைய கால்.

தரையை நகத்தால் பிறாண்டினார். மழை அந்தச் சத்தத்தை விழுங்கியது.

"கையைக் கழுவிட்டு வாங்க, சாப்பாடு ஆறுது." செருப்பு திரும்பியது. போயே போய்விட்டது.

வெறுங்கால்கள் போகவில்லை.

முழங்கால் மடங்கியது. ஒரு கை தரையில் ஊன்றியது. பிறகு முகம். கன்னத்தில் அவருடைய கிரீஸ் கறை, நெற்றியில் அவருடைய வியர்வை. ஆவலோடு அவரைப் பார்த்தது, பல நாள் காத்திருந்தவன் பார்ப்பதுபோல்.

"வரீங்களா இல்லையா?" உள்ளேயிருந்து மனைவி.

"இதோ வந்துட்டேம்மா."

சொல்லிக்கொண்டே அது கையை நீட்டி, அவர் காதருகே காரைத் தாங்கி நின்ற ஸ்டாண்டின் காலைப் பற்றியது. இழுத்தது. சிமெண்டுத் தரையில் இரும்பு உரசியது.

ஓர் அங்குலம்.

அவருடைய பற்களைக் காட்டிச் சிரித்தபடி, இன்னும் ஓர் அங்குலம்.