தொட்டிக்குக் கீழே ஒரு துணி நாய்

செத்த மீனைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு எடுத்துக்கொண்டு கடைக்காரம்மா வந்தபோது, சர்வேயர் மத்தியானத் தூக்கத்துக்காகத் தலையணையைத் தட்டிக்கொண்டிருந்தார். காப்பீட்டு நிறுவனத்தில் இருபத்தெட்டு வருடம் தீப்பிடித்த கிடங்குகளையும் மூழ்கிய லாரிகளையும் பார்த்து, எது விபத்து, எது வேண்டுமென்றே செய்தது என்று எழுதிக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் சர்வேயர் என்ற அந்தப் பெயர் அவரை விடவில்லை. ஏதாவது குழப்பம் என்றால் தெருக்காரர்கள் அவர் வீட்டு மணியைத்தான் அடிப்பார்கள்.

மணிச் சத்தம் கேட்டதும் மாடியிலிருந்து முதலில் இறங்கி வந்தது அவருடைய தங்கை. பல் மருத்துவமனை வரவேற்பறையில் பதினைந்து வருடமாக உட்கார்ந்திருப்பவள். பயந்த முகங்களையே பார்த்துப் பழகியதால், யார் பொய் சொல்கிறார்கள் என்று தனக்குத் தெரிந்துவிடும் என்பது அவளுடைய அசைக்க முடியாத நம்பிக்கை. கையோடு ஒரு நோட்டும் எடுத்து வந்திருந்தாள்.

"ஏழு வாரத்துல இருபத்திமூணு மீன் சார். எல்லாம் முன்பக்கத் தொட்டியில இருந்த தங்க மீன்" என்றார் கடைக்காரம்மா. ஐம்பது வயதிருக்கும். பேசும்போதே கண் கலங்கியது. "தண்ணியை மாத்திப் பாத்தாச்சு. பரிசோதனையும் பண்ணியாச்சு, ஒரு குறையும் இல்ல. பின்பக்கம் எட்டுச் சின்னத் தொட்டி இருக்கு. அதே தண்ணி, அதே தீனி. அங்க ஒரு மீனுக்கும் ஒண்ணும் ஆகல."

"யார் மேலயாவது சந்தேகமா?" என்று தங்கை பேனாவைத் திறந்தாள்.

கடைக்காரம்மா கொஞ்சம் தயங்கினார். "எங்க கடைப்பொண்ணு மேலதான். ஒன்பது வருஷமா இருக்கா. ரெண்டு தடவை என் கண்ணாலேயே பாத்தேன். கடை திறக்கறதுக்கு முன்னாடி தனியா அந்தத் தொட்டிக்குக் கீழ கையை விட்டு என்னமோ பண்ணிட்டு இருந்தா. என்னைப் பாத்ததும் எழுந்துட்டா. கேட்டா, 'ஒண்ணுமில்லக்கா, தூசி தட்டினேன்'ங்கறா. தூசி தட்டறவளுக்கு ஏன் முகம் அப்படி மாறணும்?"

"எந்த நாள்ல சாகுது?" என்று சர்வேயர் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை ராத்திரி, இல்ல திங்கக்கிழமை காலையில. நடுவுல ரெண்டு வாரம் மட்டும் ஒண்ணும் சாகல. அந்த ரெண்டு வாரமும் நான் வெளியூர் போயிருந்தேன், அவ மட்டும்தான் கடையில இருந்தா. தனியா இருக்கறப்ப செத்தா மாட்டிக்குவோம்னு பயம், வேற என்ன?"

தங்கை அதை எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டாள். சர்வேயர் மட்டும் கூரையைப் பார்த்தபடி, "ம்" என்றார்.

"நேத்து அவகிட்டேருந்து சாவியை வாங்கிட்டு, கடைக்கு வர வேண்டாம்னுட்டேன் சார். சனிக்கிழமைக்குள்ள ஒத்துக்கிட்டா சத்தமில்லாம அனுப்பிடறேன்னு சொல்லியிருக்கேன். இல்லன்னா விஷம் வச்சவன்னு ஊருக்கே சொல்ல வேண்டியதுதான். அதுக்கப்புறம் எந்தக் கடையில அவளுக்கு வேலை குடுப்பாங்க? அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். அவதான்னு எனக்கு உறுதியா தெரியணும்."

"அவதான்னு தெரியணுமா, யாருன்னு தெரியணுமா?" என்றார் சர்வேயர். கடைக்காரம்மாவுக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் அண்ணனும் தங்கையும் கடைக்குப் போனார்கள். சின்னக் கடைதான், ஆனால் கண்ணும் கருத்துமாக அடுக்கப்பட்டிருந்தது. பூனைத் தீனி கண் மட்டத்தில், பறவைத் தானிய மூட்டைகள் தரையில், கழுத்துப் பட்டைகள் நிறவாரியாகக் கொக்கிகளில். வாசலுக்கு நேரே மர மேஜை ஒன்றின் மேல் அந்தப் பெரிய தொட்டி. மேஜைக்கு அடியில் இருந்த திறந்த தட்டில் முழு உயரத் துணி நாய் ஒன்று நின்றுகொண்டிருந்தது. உடம்பெல்லாம் நிஜம் போலவே முடி. பக்கத்தில் சீப்பு, அதை ஒட்டி வரிசையாக உண்ணி மருந்து ஸ்ப்ரே. ஒரு பாட்டில் மட்டும் மூடி இல்லாமல் இருந்தது. 'அடித்துப் பாருங்கள், சீவிப் பாருங்கள்' என்று அட்டை தொங்கியது.

"இது என் யோசனை" என்றார் கடைக்காரம்மா. மீனை மறந்து அவர் முகம் மலர்ந்தது அப்போதுதான். "ரெண்டு மாசம் முன்னாடி, பொருளை எப்படி அடுக்கறதுன்னு மூணு நாள் ட்ரெய்னிங் போனேன் சார். வாங்கறவங்க கை பொருள் மேல படணும்னு சொன்னாங்க. சனி, ஞாயிறு பசங்களைக் கூட்டிட்டு வர்றாங்க, இந்த நாய்க்கு மருந்து அடிச்சு சீவாம ஒருத்தரும் போறதில்ல. நானே நின்னு அடிச்சுக் காட்டுவேன். முன்னாடி மாசத்துக்கு ஒரு பெட்டி போகும், இப்ப வாரத்துக்கு ஒரு பெட்டி."

"உங்க கடைப்பொண்ணும் அடிச்சுக் காட்டுவாங்களா?"

"அவளா? இந்த நாயைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. வச்ச முதல் வாரமே, 'கொஞ்சம் தள்ளி வைக்கலாமாக்கா'ன்னா. ட்ரெய்னிங் போனது நீயா நானான்னு கேட்டேன். அதுக்கப்புறம் வாயைத் திறக்கல."

பொறாமை, என்று தங்கை நோட்டில் எழுதினாள். அவள் வேலை சுலபமாகிக்கொண்டே வந்தது.

சர்வேயர் முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தார். தானிய மூட்டையிலிருந்து எறும்பு வரிசை ஒன்று சுவரோரமாகக் கிளம்பி வந்தது. மேஜைக்கு ஒரு முழம் முன்னால் சட்டென்று திரும்பி, சுவரில் ஏறி, மேஜையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிப் போனது. அதை அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு துணி நாயின் காலடியை டார்ச் அடித்துப் பார்த்தார். மரத்தட்டின் தூசியில் நாயின் அடிப்பலகை பதிந்த சதுரம் ஒன்றல்ல, இரண்டு இருந்தன. ஒன்று அது நிற்கும் இடம். மற்றொன்று இரண்டு சாண் தள்ளி, தட்டின் மறு கோடியில்.

"பின்னாடி என்னமோ உறுமுதே" என்றாள் தங்கை.

"காத்து மோட்டார். தொட்டிக்குள்ள குமிழி விடறது. முன்னாடி மேல சுவத்துல மாட்டியிருந்தோம்" என்று சுவரில் இருந்த இரண்டு ஆணித் துளைகளைக் காட்டினார் கடைக்காரம்மா. "ஒயரும் டியூபும் கண்ணுல பட்டா கடை அசிங்கமா தெரியும்னு சொன்னாங்க. அதான் நாய்க்குப் பின்னாடி மறைச்சு வச்சேன்."

அப்போது வாசலில் பலத்த தும்மல் ஒன்று கேட்டது. கடைக்காரம்மாவின் கொழுந்தன், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படிக்கு வெளியே நின்றிருந்தார். "என்ன அண்ணி, இன்னும் எத்தனை மீன் சாகணும்? பேசாம இடத்தை எனக்குக் குடுங்க, செல்போன் கடை போடறேன்" என்றார். பூனை முடி பட்டாலே அவருக்குத் தும்மல் நிற்காதாம். கடைக்குள் அவர் காலடி வைத்து வருடக்கணக்காகிறது.

தங்கைக்குக் கொழுந்தன் மேல் சந்தேகம் பொங்கியது. வீட்டுக்குத் திரும்பும் வழியில், கடைக்காரம்மா பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்த உண்ணி மருந்துக் கம்பெனி சேல்ஸ்மேன் மேல் அது தாவியது. செவ்வாய்க்கிழமை தோறும் வந்து போகிறவராம், சிரிப்பு சரியில்லையாம். கடைசியில் கடைப்பெண்ணிடமே போய் நின்றது.

"அண்ணா, பயந்தாதானே முகம் மாறும்? தப்பு பண்ணாதவ எதுக்குப் பயப்படணும்?"

"உங்க ஆஸ்பத்திரி நாற்காலியில உக்கார்றவங்க எல்லாம் தப்பு பண்ணிட்டா பயப்படறாங்க?" என்று கேட்டுவிட்டு அவர் நடையை எட்டிப் போட்டார்.

சனிக்கிழமை மாலை, கூட்டம் வரும் முன்பே, சர்வேயர் சொல்லி அனுப்பியபடி எல்லோரும் கடையில் கூடினார்கள். கொழுந்தன் வழக்கம்போல் வாசலில். சேல்ஸ்மேன் ஸ்டூலில். கடைப்பெண் கல்லாவுக்குப் பக்கத்தில், தன் கடைக்கே விருந்தாளி போல நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். யாரையும் பார்க்கவில்லை, தரையையே பார்த்தாள். தங்கைக்கு அந்த முகம் போதுமானதாக இருந்தது. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

முன்பக்கத் தொட்டியில் மிச்சமிருந்த மீன்களைப் பின்னறைக்கு மாற்றச் சொல்லியிருந்தார் சர்வேயர். மூடியில்லாத உண்ணி மருந்தை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து நாய்க்கு அடிக்கும் ரோஜா சென்ட் ஒன்றை எடுத்துக் கடைக்காரம்மாவின் கையில் கொடுத்தார்.

"நான் ஒரு கஸ்டமர். உண்ணி மருந்து எப்படி அடிக்கணும்னு எனக்குக் காட்டுங்கம்மா. வழக்கமா செய்யற மாதிரியே. இந்த சென்ட்தான் மருந்துன்னு வச்சுக்கோங்க."

கடைக்காரம்மாவுக்குக் குழப்பம்தான். ஆனால் கை பழகிய வேலை. குனிந்து நாயின் கழுத்தில் இரண்டு, வயிற்றில் இரண்டு, வாலடியில் இரண்டு என்று அடித்து, முடியைச் சீவிவிட்டார். சர்வேயர் இன்னும் மூன்று தடவை அடிக்கச் சொன்னார். பிறகு தொட்டிக்குள் குமிழி விட்டுக்கொண்டிருந்த டியூபை வெளியே இழுத்து, அதன் நுனியைக் கடைக்காரம்மாவின் மூக்கருகே பிடித்தார்.

"என்ன வாசனை?"

கடைக்காரம்மா டியூபைத் தன் கையால் பிடித்து மறுபடி முகர்ந்தார். அவர் முகம் வெளுத்துப் போனதைத் தங்கை பார்த்தாள். பல் மருத்துவமனையில் அப்படி ஒரு முகத்தை அவள் பார்த்ததில்லை.

"ரோஜா" என்றார் கடைக்காரம்மா.

"மோட்டார் பக்கத்துல இருக்கற காத்தைத்தான் இழுக்கும், இழுத்ததைத் தண்ணிக்குள்ள விடும்" என்று சர்வேயர் அமைதியாகச் சொன்னார். "உண்ணியைக் கொல்ற மருந்து மீனுக்கு எமன். நாய்க்கு ஒண்ணும் பண்ணாது, மீனுக்குத் துளி போதும். கடையில செய்யற சாதாரணப் பரிசோதனையில அது தெரியாது. பின்பக்கத் தொட்டிகளோட மோட்டார் பின்னறையில இருக்கு, அங்க யாரும் மருந்து அடிக்கறதில்ல. சனி, ஞாயிறு நல்லா வித்தா, திங்கக்கிழமை மீன் மிதக்கும். அந்தத் தட்டைச் சுத்திப் போற எறும்புக்கே அது தெரிஞ்சிருக்கு."

"அப்ப, அந்த ரெண்டு வாரம்?" என்று தங்கை கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"அந்த ரெண்டு வாரம் கடையில இவங்க மட்டும்தான் இருந்தாங்க. நாயை மோட்டாரை விட்டுத் தள்ளி வச்சாங்க. தூசியில ரெண்டாவது சதுரம் அதுதான். மத்த வாரங்கள்ல காலையில வந்து தள்ளி வைப்பாங்க, நீங்க வந்து பழைய இடத்துக்கே இழுத்து வைப்பீங்க. நீங்க பாத்தது மீனைக் கொல்ற கையை இல்லம்மா. காப்பாத்தப் பாத்த கையை."

கொழுந்தன்கூடத் தும்மலை அடக்கிக்கொண்டார்.

"ஏன் சொல்லல நீ?" கடைக்காரம்மாவின் குரல் உடைந்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

கடைப்பெண் அப்போதுதான் நிமிர்ந்தாள். "சொன்னேன்க்கா. எதனாலன்னு எனக்குத் தெரியாது. நாய் அங்க நின்னா மீன் சாகுது, தள்ளி நின்னா சாகல. அவ்வளவுதான் தெரியும். முதல்ல தள்ளி வைக்கலாமான்னு கேட்டதுக்கே, ட்ரெய்னிங் போனது யாருன்னு கேட்டீங்க. சாவியை வாங்கினப்புறம் சொல்லியிருந்தா, பழியை நாய் மேல போடறான்னு சொல்லியிருப்பீங்க."

"தப்பு என்னோடதுதான். மன்னிச்சிடும்மா" என்று கடைக்காரம்மா இடுப்பிலிருந்த சாவியை எடுத்து நீட்டினார். "இந்தா. இப்பவே வேலைக்கு வா."

கடைப்பெண் சாவியை வாங்கவில்லை. "மீன் செத்தப்ப ஒவ்வொரு தடவையும் அழுதீங்க. என்னை அனுப்பினப்ப அழலையேக்கா."

கடைக்காரம்மாவின் கை நீட்டியபடியே நின்றது. தங்கைக்குத் தன் மடியிலிருந்த நோட்டைத் தூக்கி எங்காவது எறிந்துவிடலாம் போலிருந்தது. அதில் எழுதியிருந்த சம்பவங்களெல்லாம் உண்மைதான். எதற்கு எது காரணம் என்பதைத்தான் அவள் தலைகீழாகப் படித்திருந்தாள். வெட்கமாக இருந்தது.

"நேத்து நாலு கடைக்கு வேலை கேட்டுப் போனேன்" என்று கடைப்பெண் தொடர்ந்தாள். "மூணு கடையில, மீனுக்கு விஷம் வச்சது நீதானான்னு கேட்டாங்க. நாலாவது கடையில உள்ளயே விடல."

"நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லலையே" என்றார் கடைக்காரம்மா. பிறகு அவர் தலை மெதுவாக ஸ்டூலின் பக்கம் திரும்பியது. சேல்ஸ்மேன் தன் பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

"மேடம், செவ்வாய்க்கிழமை நீங்கதானே சொன்னீங்க" என்று அவர் முனகினார். "நான் கடை கடையா போறவன். பேச்சுவாக்குல வந்திருக்கும்."

"இங்க மன்னிப்பு கேட்டா இங்க இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்" என்றாள் கடைப்பெண். குரல் உயரவே இல்லை. "அந்த நாலு கடைக்கும் என்கூட வாங்க. நீங்களே சொல்லுங்க. அதுக்கப்புறம் சாவி வாங்கிக்கறதா வேண்டாமான்னு நான் யோசிக்கறேன்."

வெளியே கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. ஒருவர் நாயைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். இரண்டு குழந்தைகள் துணி நாயைத் தேடி எட்டிப் பார்த்தார்கள். வாரத்திலேயே வியாபாரம் சூடு பிடிக்கும் நேரம் அது. கடைக்காரம்மா விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார். எல்லோரும் வெளியே வந்ததும் ஷட்டரைத் தன் கையாலேயே இறக்கினார்.

"என்னம்மா, இன்னிக்கு லீவா?" என்று நாய்க்காரர் கேட்டார்.

"என் கடை மீனை நானே கொன்னுட்டு, இவ மேல பழி போட்டேன் சார். அதை நாலு இடத்துல சொல்லிட்டு வரணும்." சொல்லி முடிக்கும்போது அவர் காது மடல் சிவந்திருந்தது. கடைப்பெண் பக்கம் திரும்பினார். "முதல்ல எங்க போகணும்?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல இருக்கற கடைக்கு" என்றாள் அவள். "அங்கதான் நிறைய பேர் சிரிச்சாங்க."

அவள் முன்னால் நடந்தாள். கடைக்காரம்மா பின்னால் போனார்.