கை தவறாத இரும்பு

"உங்களுக்குப் பொறை எண் அஞ்சே போதுங்க மேடம்," என்றார் இர்ஃபான். "ஒம்பது வேண்டாங்க."

சாருலதா ஒன்பதாம் எண் போட்ட கோலைக் கையிலிருந்து விடுவதாக இல்லை. அவிநாசி சாலைக் கடையின் பின்கட்டில், வலை கட்டிய சோதனைத் தடத்தில், முக்கால் மணி நேரமாக அவள் பந்தை அடித்துக்கொண்டிருந்தாள். அடித்தாள் என்று ஒரு மரியாதைக்குச் சொல்லலாம். கடையில் இருந்த சாதாரண இரும்புக் கோலால் முப்பது முறை வீசியதில் எட்டு காற்றோடு போயின, பதினொன்று தரையைக் கிளறின, மீதி வலது பக்கச் சுவரில் மோதின. ஆளுக்கேற்ற கோல்ஃப் கோலைத் தேர்ந்து கொடுப்பது இர்ஃபானின் தொழில். பதினெட்டு வருடத்தில் இதைவிட மோசமான கைகளையும் பார்த்திருந்ததால் அவர் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

பொறுத்துப்போகாத சாமான் என்று ஊரில் இப்போது அதிகம் மிச்சமில்லை. விரலை வெட்டாத அரிவாள்மணை வந்துவிட்டது. நரம்பைத் தானே தேடிப் பிடிக்கும் ஊசி வந்துவிட்டது. சாருலதா மேலாளராக இருக்கும் பவுண்டரியில், உருகிய இரும்பை அச்சில் ஊற்றும் கரண்டிகள், தூக்குபவர் தடுமாறினாலும் ஒரு சொட்டுச் சிந்துவதில்லை. இவற்றுக்கெல்லாம் பொறைக்கருவிகள் என்று பெயர். கோல்ஃப் கோலுக்குத்தான் கடைசியாக வந்தது. கரண்டிக்கு அச்சு எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்துவிடலாம். பந்து எங்கே போக வேண்டும் என்பது அடிப்பவருக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே பொறையிரும்பு முதலில் அடிப்பவரின் மனதைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

"அந்தக் காலத்து இரும்புல அடிப்பக்கத்த அகலமா வெச்சு, முதுகக் குடைஞ்சு, எடைய ஓரத்துக்குத் தள்ளியிருப்பாங்க," என்றார் இர்ஃபான். "நடுவுல படாம ஓரமாப் பட்டாலும் பந்து ஓரளவுக்கு நேராப் போவும்."

வார்ப்பு வேலை தெரிந்த சாருலதாவுக்கு அது சட்டென்று பிடிபட்டது. ஓரத்தில் கனம் இருக்கும் சக்கரம் சுலபத்தில் கோணிக்கொள்ளாது.

"இது அதுக்கும் மேலங்க. தகட்டுக்குள்ள திரவ உலோகம் ஓடுது. கைப்பிடில எண்ணமானி இருக்குது. உள்ளங்கை நரம்புல வர்ற சேதியப் படிச்சு, பந்து படற நேரத்துல எடைய மாத்தி, தகட்டு முகத்தத் திருப்பிரும்."

"தண்ணிக்குள்ள போயிருமோன்னு பயந்துட்டே அடிச்சா?"

"புதுசா ஆடறவங்க எல்லாருமே அப்படித்தானுங்க. தண்ணியப் பாத்துட்டா தண்ணிக்கே அடிப்பாங்க. அதனால மேல் மனசு பொலம்பறத இது காதுலயே வாங்காது. அதுக்கும் அடில ஒண்ணு கெளம்பும் பாருங்க, வார்த்தையாகறதுக்கு முந்தி, அத மட்டும் எடுத்துக்கும். அஞ்சாம் நம்பர்ல பாதி உங்க கை, பாதி இரும்பு. ஒம்பதுல கைக்கு வேலையே இல்லைங்க. எங்க தப்பு பண்ணுனோம்னு உங்களுக்கே தெரியாது. ஆட்டம் படியாதுங்க."

"ஆட்டம் படிய வேண்டாங்க. ஞாயித்துக்கிழமை காலைல மானம் போகாம இருந்தாப் போதும்."

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குச் சேர்மன் சென்னியப்பனோடு ஆட்டம். எழுபது வயது, பம்பு, மோட்டார், வால்வு, பவுண்டரி என்று நாலு ஆலைக்கு முதலாளி. எந்தப் பெரிய முடிவையும் ஒன்பது குழி ஆடிவிட்டுத்தான் சொல்வார் என்பது கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். இப்போது முடிவாக வேண்டியது பவுண்டரி. அதை இங்கேயே வைத்துக்கொள்வதா, மூடிவிட்டுத் தூத்துக்குடிப் பக்கம் ஆளில்லா உலை போடுவதா? சாருலதாவின் கீழ் அறுபத்திரண்டு பேர் வேலை பார்த்தார்கள். பாதிப் பேர் நாற்பதைத் தாண்டியவர்கள். உலையை விட்டால் அவர்களுக்கு வேறு தொழில் தெரியாது.

அவரோடு ஆடுவதற்கு எழுதாத விதிகள் இரண்டு. முதலாவது, ஜெயிக்கக் கூடாது. குறைந்த அடிகளில் குழிகளை முடிப்பவருக்குத்தான் வெற்றி; போன வருடம் வால்வு ஆலை மேலாளர் அவரைவிட இரண்டு அடி குறைவாக அடித்து ஜெயித்தார். மூன்றாம் மாதம் அவரைக் குடோனில் உட்காரவைத்துவிட்டார்கள். இரண்டாவது, கேவலமாகத் தோற்கவும் கூடாது. பந்தைத் தொடவே திண்டாடிய ஒரு விற்பனை அதிகாரியை மூன்றாவது குழியில் அப்படியே விட்டுவிட்டுச் சென்னியப்பன் காரேறிப் போயிருக்கிறார். மூன்று நாலு அடி வித்தியாசத்தில், நன்றாகப் போராடித் தோற்க வேண்டும். இதை நினைத்து நினைத்துச் சாருலதா மூன்று வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. தோற்பது ஒன்றும் பெரிய வேலையில்லை, பந்தைத் தொடுவதுதான் பிரச்சினை என்று அவள் கணக்குப் போட்டாள். ஒன்பதையே வாங்கினாள்.

ஞாயிறு காலை ஆறரை மணிக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புல்வெளியைச் சீவிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் வெள்ளைத் தொப்பியோடு வந்து தன் பையைத் தட்டிக் காட்டினார்.

"நம்முளது ரெண்டாம் நம்பர் பொறைதானுங்க அம்முணி. மிச்சமெல்லாம் கை. இருபது வருசத்துல அந்த வால்வுக்காரர் ஒருத்தரத் தவிர கம்பெனில யாரும் நம்மள ஜெயிச்சதில்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சாருலதாவும் சிரித்துவைத்தாள்.

முதல் வீச்சில் அவள் முழங்கை மடங்கியது, பாதம் நகர்ந்தது, தலை தூக்கிக்கொண்டது. செய்யக் கூடாது என்று சொன்ன எல்லாவற்றையும் செய்தாள். பந்து மட்டும் கொஞ்சமும் தயங்காமல் எழும்பி, காற்றைச் சாய்வாகப் பிடித்துக்கொண்டு போய்க் குழியில் நட்ட கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. சாருலதாவுக்கு ஒரு நிமிடம் எல்லாம் மறந்து போயிற்று. வாழ்க்கையில் இத்தனை அழகாக அவள் எதையும் செய்ததில்லை.

மூன்றாவது குழி முடிந்தபோது அவள் இரண்டு அடி முன்னால் இருந்தாள். இனித் தோற்க ஆரம்பிக்க வேண்டும்.

நாலாவதில் மணல் பள்ளத்தைக் குறிவைத்தாள். பந்து பள்ளத்தைத் தாண்டிப் புல்தளத்தில் இறங்கியது. ஐந்தாவதில் வேண்டுமென்றே தரையைக் கொத்தினாள். மண் தெறித்தது, மணிக்கட்டு வலித்தது, பந்து கொடிக்கே போனது. கடைசியில் பந்தைக் குழிக்குள் தள்ளும் உருட்டுகோலுக்கு மட்டும் பொறை கிடையாது. அங்கே தவறவிடலாம் என்று ஆறுதலாக இருந்தது. அவள் குனிவதற்குள் சென்னியப்பன் கையை வீசினார்.

"அட, ஒரு முழத் தூரத்த எதுக்கு உருட்டிக்கிட்டு. வுழுந்த மாதிரிதான். எடுத்துக்குங்க."

பந்து குழியை ஒட்டிக் கிடந்தால் எதிராளி இப்படி விட்டுக்கொடுப்பது ஆட்டத்தில் உள்ள மரியாதை. வேண்டாம் என்று சொல்ல முடியாது. பொறையிரும்பு ஒவ்வொரு முறையும் பந்தைக் குழியை ஒட்டியே கொண்டுபோய் வைத்தது, பெரிய மனிதர் ஒவ்வொரு முறையும் விட்டுக்கொடுத்தார். இரண்டு பக்கமும் சேர்ந்து மன்னித்து அவளை மூச்சுத் திணற வைத்தன.

ஆறாவதில் உடம்பையே திருப்பிக்கொண்டு ஓரத்து வாகை மரத்தைப் பார்த்து அடித்தாள். பந்து மரத்தை நோக்கிப் புறப்பட்டு, பாதி வழியில் வளைந்து, கொடிக்குத் திரும்பியது.

"காத்த வெச்சே ஆடறீங்க," என்றார் சென்னியப்பன். குரலில் சிரிப்பு குறைந்திருந்தது.

ஏழாவதில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மணல், மணல், மணல் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே வீசினாள். கண்ணைத் திறந்தபோது பந்து கொடியின் நிழலில் கிடந்தது.

அப்போதுதான் இர்ஃபான் சொன்னது உறைத்தது. மேல் மனசு பொலம்பறத இது காதுலயே வாங்காது. அவள் தோற்க நினைப்பதைப் புதிதாக ஆடுபவளின் பயம் என்று இரும்பு தள்ளிவிட்டது. அடியில் வேறு ஒன்று இருந்தது. பதினோரு வருடமாகச் சென்னியப்பன் கூட்டத்தில் ஆண் மேலாளர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவளை மட்டும் அம்முணி என்பார். அவளும் மூத்த உலைக்காரர் தாமோதரனும் ஆறு மாதம் உலையடியில் நின்று சரிசெய்த வார்ப்பை, கண்காட்சியில் தன் யோசனை என்று சொன்னார். அவள் அன்றைக்கும் சிரித்துவைத்தாள். இந்த மனிதரை ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும். அறுபத்திரண்டு பேரின் வேலை போனாலும் பரவாயில்லை, ஜெயிக்க வேண்டும். அதைத்தான் இரும்பு காலையிலிருந்து படித்துக்கொண்டிருந்தது. சாருலதாவுக்கு வெட்கமாக இருந்தது. தன்னைக் கண்டே பயமாக இருந்தது.

எட்டாவது முடிந்தபோது மூன்று அடி முன்னால் இருந்தாள். சென்னியப்பன் அவள் கோலையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

ஒன்பதாவது குழி ஒரு குட்டைக்கு அக்கரையில் இருந்தது. நூற்றுப்பத்து கஜத் தூரம்தான். சென்னியப்பன் தன் பையைத் தொடவில்லை.

"அந்த இரும்பக் கொஞ்சம் குடுங்க. என்ன நம்பர் இது?"

"ஒம்பதுங்க சார்."

"ஒம்பதா?" அவர் முகம் தெளிந்தது. "அப்ப நீங்க ஆடலீங்க. இரும்பு ஆடியிருக்குது."

"ஆமாங்க சார். எனக்கு ஆடவே தெரியாதுங்க. எல்லாம் இரும்புதானுங்க." ஒருவர் தன்னை மட்டம் தட்டியதற்கு அவள் இத்தனை சந்தோஷப்பட்டதே கிடையாது. அந்தத் தைரியத்திலேயே கேட்டுவிட்டாள். "சார், பவுண்டரி விசயம்..."

"அது இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணலீங்க." கோலை ஒருமுறை வீசிப் பார்த்தார். "செரி, இப்படி வெச்சுக்கலாம். இந்தப் பந்து அக்கரைல புல்லுல வுழுந்துச்சுன்னா பவுண்டரி இங்கயே இருக்கட்டும். போதுங்களா?"

சாருலதா மனதுக்குள் கணக்குப் போட்டாள். இருபது வருடம் ஆடிய கை, பொறை ஒன்பது இரும்பு, நூற்றுப்பத்து கஜம். சின்னக் குழந்தை அடித்தாலும் தவறாது. கேட்டதும் கொடுத்தேன் என்று இல்லாமல், ஆட்டத்தோடு ஆட்டமாக அவர் பவுண்டரியைக் கொடுக்கிறார். பெரிய மனுசன் பெரிய மனுசன்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

அவருடைய வீச்சில் ஒரு குறையும் இல்லை. தோள் சரியாகத் திரும்பியது, கை நேராக இறங்கியது, நடுத் தகட்டில் பட்ட சத்தம் கேட்டது. பந்து எழும்பி, குட்டைக்கு மேலே பாதித் தூரம் போய், அங்கேயே நேராகத் தண்ணீரில் இறங்கியது.

வட்டங்கள் விரிந்து கரையைத் தொட்டன.

"கை தவறிருச்சு," என்றார் சென்னியப்பன்.

டம்ளரை உடைத்தவரும் பாலைக் கொட்டியவரும் காலங்காலமாகச் சொல்லிவந்த வாக்கியம் அது. கேட்பவர் பரவாயில்லைங்க என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. அந்தப் பரவாயில்லைங்க சாருலதாவின் தொண்டைவரை வந்தது.

"ஒம்பதுல கை தவறாதுங்க சார். அடி மனசு சொல்றதத்தான் அது அடிக்கும்," என்றாள்.

"அப்ப இரும்புல கோளாறு."

அவள் கோலை வாங்கி, இன்னொரு பந்தை வைத்து, கோணல்மாணலாக ஒரு வீச்சு வீசினாள். பந்து அக்கரையில் கொடிக்கு இரண்டடி தள்ளி விழுந்தது.

சென்னியப்பன் அதைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "அப்ப நீங்க? காலைல இருந்து என்னைய ஜெயிக்கோணும்னேதான் அடிச்சீங்களா?"

இல்லை என்று சொல்லலாம். சொல்லி என்ன பயன், இரும்பு கையில் இருக்கிறது. "தோக்கோணும்னுதானுங்க வந்தேன். உள்ளுக்குள்ள ஜெயிக்கோணும்னுதான் இருந்திருக்குது. இப்பத்தான் தெரிஞ்சுதுங்க."

அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். எழுபது வயதும் அப்போதுதான் முகத்தில் தெரிந்தது.

"ஆவணி மூணாந் தேதி தூத்துக்குடில பூமி பூஜைங்க. ஆடி கழியட்டும்னுதான் சொல்லாம இருந்தேன்."

"அப்ப இன்னைக்கு ஆட்டம் எதுக்குங்க?"

"எப்பவும் எதுக்கோ அதுக்குத்தான். அந்த வால்வுக்காரர, என்னைய ஜெயிச்சதுக்காகத்தான் மாத்துனேன்னு எல்லாரும் நெனக்கறீங்க. மாத்தறதுன்னு முடிவு பண்ணுன பொறவுதான் அவர ஆடவே கூப்பிட்டேன். ஆட்டம்னு ஒண்ணு இருந்தா வர்றவங்களுக்கு ஒரு காரணம் கெடைச்சுருது. நம்ம கைதான் சரியில்லைன்னு போயிருவாங்க. எனக்கும் தூக்கம் வரும்."

இதைச் சொல்லும்போது அவர் அவள் கையிலிருந்த இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் குட்டையில் தூக்கி எறிந்தால் தேவலை என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. இருவரும் தனித்தனியாகக் கார் நிறுத்துமிடத்துக்கு நடந்தார்கள்.

திங்கட்கிழமை காலை ஷிப்டு தொடங்குமுன் சாருலதா அறுபத்திரண்டு பேரையும் உலைக்கு முன்னால் நிற்கவைத்துத் தேதியைச் சொன்னாள். ஆவணியில் தெரியவேண்டியது அவர்களுக்கு ஆனியிலேயே தெரிந்துவிட்டது. இரண்டு மாதம் கிடைத்தது. இரண்டு மாதத்தில் வேறு இடம் தேடலாம், சங்கத்துக்குப் போகலாம், சண்டை போடலாம்.

"முடிவாகலைன்னுதானுங்களே சொல்லிட்டிருந்தாங்க," என்றார் தாமோதரன். "உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"அவரு அடிச்சதப் பாத்தனுங்க," என்றாள் சாருலதா.

புதன்கிழமை நாலு ஆலைக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் கம்பெனி ஆட்டங்களில் பொறை எண் நாலுக்கு மேற்பட்ட கோல்களைப் பயன்படுத்தக் கூடாது. கைத்திறனை வளர்ப்பதே நோக்கம் என்று கீழே போட்டிருந்தது. மேலாளர்கள் எல்லாரும் நல்ல முடிவு என்றார்கள். ஏன் நல்ல முடிவு என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று மாலையே வால்வு ஆலையின் புது மேலாளர் அவிநாசி சாலைக் கடைக்கு வந்தார். அடுத்த ஞாயிறு சேர்மன் அவரை ஆடக் கூப்பிட்டிருந்தார். எதை எடுப்பது என்று தெரியாமல் அவர் கோல் வரிசைக்கு முன்னால் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். இர்ஃபான் யோசிக்கவே இல்லை.

"நாலு எடுத்துக்குங்க சார். அதுல பந்து எங்க போனாலும், கை பண்ணுச்சா மனசு பண்ணுச்சான்னு யாரும் கண்டுபிடிக்க முடியாதுங்க."

தனக்கு ஒன்று, சேர்மனுக்கு ஒன்று என்று மேலாளர் இரண்டு செட் கட்டச் சொன்னார்.