அளவு ஜாக்கெட்

நேற்றுவரை இரண்டு தையல். இன்று மூன்று.

போட்டுப் பார்க்கலாமென்று பாவாடையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு நின்ற சத்யபிரியா, ஜாக்கெட்டின் உள்பக்கத்தைத் திருப்பி ஜன்னலோரம் பிடித்தாள். அக்குளிலிருந்து இடுப்புவரை, பழைய இரண்டு தையலையும் தாண்டி அரை விரல் உள்ளே தள்ளி, புதிதாக ஒன்று இறங்கியிருந்தது. நெருக்கமான, பொறுமையான கைத்தையல். ஞாயிறு காலை பத்து மணிக்கே வானம் மூடிக்கொண்டு, சிட்லபாக்கம் ஏரியின் பாசி வாடை வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. சானடோரியம் ஸ்டேஷன் ரயில் வழக்கத்தைவிடக் கிட்டத்தில் தடதடத்தது. துணியிலிருந்து, யாரோ போட்டு வியர்த்த பவுடர் வாசனை எழும்பியது.

அவள் பவுடரே போடுவதில்லை.

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் அம்மா ஜெயஸ்ரீ கொடுத்த ஜாக்கெட் இது. ஊரில் பெண்ணிடம் அளவு ஜாக்கெட் வாங்கிப்போய், அதை வைத்து முகூர்த்த ஜாக்கெட் தைப்பார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பள்ளிக்கரணைக்காரர்கள் தலைகீழ்.

"எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணுங்களுக்கெல்லாம் இதுதாம்மா அளவு. முகூர்த்த ஜாக்கெட் இதே சைஸ்ல தைக்கக் குடுத்தாச்சு. மூணு மாசம் இருக்கே, நீ இதுக்குள்ள வந்துட்டா போதும்" என்று கண்மை தீட்டிய கண்ணால் சிரித்தபடி, சத்யபிரியாவின் மேல்கையைக் கிள்ளிப் பார்த்தாள். கத்தரிக்காய் வாங்குகிறவளைப்போல. மீன்காரக் குடும்பத்தில் முதல் டிகிரி இவளுடையது. அதை ஒருத்தரும் கேட்கவில்லை. கையைத்தான் பார்த்தார்கள்.

"பொண்ணு நல்லா வளத்தியா கீது, மாப்ளைய இடுப்புல தூக்கிக்கினு போயிடும்" என்று யாரோ சொல்ல, மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளை கார்த்தியும் சிரித்தான். சிரிக்காதவள் அந்த வீட்டு மூத்த மருமகள் ரமா மட்டும்தான். பந்தியில் உட்கார்ந்து, பரிமாறிய இலையைத் தொடாமலே மூடிவிட்டு எழுந்தாள்.

மூன்று மாதமாக வெள்ளரிக்காய், வெந்நீர். எழுபத்திரண்டு கிலோ ஐம்பத்தொன்பது ஆனது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. படியேறினால் கண் இருட்டியது. ஆபீசில் "செமயா இருக்கடி" என்றார்கள். ஜாக்கெட் மட்டும் பொருந்தவில்லை. அவள் இளைக்க இளைக்க, தையல் கூடாமலே அதுவும் இளைத்தது.

கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள். அம்மா பேபி, தான் மீன் விற்கும் சேலையூர்ப் பக்கம் ஒரு கடை விடாமல் பத்திரிகை வைத்தாகிவிட்டது.

முதலில் அம்மாவைத்தான் சந்தேகப்பட்டாள்.

"நீ எதுனா இத்த புடிச்சுத் தச்சியாமா?"

"எனுக்கு ஊசில நூல் கோக்கவே கண்ணு தெரில, நான் தச்சேனாம். பசி மயக்கத்துல ஒளறாத. ரெண்டு இட்லி துன்னு."

"நான் இட்லி துன்னா, உன் சம்பந்தி என்னைத் துன்னுடுவாங்க."

"அப்போ பத்து நாளு பல்லைக் கடிச்சுக்கோடி. தாலி ஏறட்டும். அப்புறம் யாரு கேக்கப்போறா."

அது நேற்று. அம்மா தூங்கப் போனபின், தையலை ஒட்டி நீலப் பேனாவால் ஒரு கோடு போட்டு, ஜாக்கெட்டைப் பீரோவில் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டு படுத்தாள். சாவி இப்போதும் கழுத்தில்தான் இருக்கிறது. கோட்டைத்தான் காணோம்.

புதுத் தையலின் நுனியை நகத்தால் இழுத்தாள். நூல் இல்லை. முடி. நுனியில், போன தீபாவளிக்கு அவள் பூசிய செம்பட்டைச் சாயம்.

ரமாவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, நான் சத்யபிரியா. ஒண்ணு கேக்கணும், அந்த அளவு ஜாக்கெட்டு..."

"எத்தனாவது தையல்?"

தையலைப் பற்றி அவள் இன்னும் பேச்சே எடுக்கவில்லை.

"மூணு."

மறுமுனையில் மூச்சு மட்டும். நெஞ்சு விரிய இடமில்லாத, தொண்டையோடு நின்றுவிடுகிற குட்டி மூச்சு.

"பிரிச்சுப் பாக்காத சத்யா. நான் பாத்தேன்."

போன் கட்டானது.

பிளேடை எடுத்துப் பிரித்தாள். மூன்றாவது தையலின் மடிப்புக்குள் நீலக்கோடு. அவளுடையது. இரண்டாவதைப் பிரித்தாள். பச்சைக்கோடு. நடுங்கி நடுங்கிப் போட்டது. அவளிடம் பச்சைப் பேனாவே கிடையாது. முதலாவதைப் பிரித்தாள். கண்மையால் ஒரு கோடு. அதற்கும் அடியில், துணி நைந்துபோகும் அளவுக்கு நகக்கீறல்கள். எல்லாம் உள்ளிருந்து.

ஜாக்கெட்டைக் கட்டிலில் எறிந்தாள். நேராகச் சமையல்கட்டுக்குப் போய் இட்லிச் சட்டியைத் திறந்தாள். போதும். கல்யாணம் நின்றால் நிற்கட்டும். சட்னிகூட இல்லாமல் ஒரு இட்லியைப் பிட்டு வாயில் அடைத்தாள். அழுகையாக வந்தது, அவ்வளவு ருசி.

பிடரியில் சுருக்கென்று ஒரு முடி பிடுங்கப்பட்டது.

விலாவோரம் ஒரு ஊசிக் குத்து.

மறுபடி முடி. மறுபடி குத்து.

சமையல்கட்டிலிருந்தே திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். பிளேடு இருந்தது. பிரித்துப் போட்ட மயிர் இருந்தது. வேறொன்றும் இல்லை.

துண்டு காலடியில் கிடந்தது. மேல்கையை ஏதோ இறுக்கிப் பிடித்திருந்தது. பவுடர் வாசனை. முதுகுக்குப் பின்னால், எட்டிப் போட முடியாத இடத்தில், முதல் ஹூக்.

டக்.

இட்லி உள்ளே இறங்கவில்லை.

டக்.

கத்த மூச்சில்லை.

டக். டக்.

வாசல் கதவு திறந்தது. மழைக்குப் பயந்து கடையைச் சீக்கிரம் கட்டிவிட்டு வந்த அம்மா, அன்னக்கூடையை இறக்கிவைத்துவிட்டு அப்படியே நின்றாள். கண் கலங்கிவிட்டது.

"பூந்துடுச்சாடி. அளவெடுத்தா மாதிரி கீதே. எங்கண்ணே பட்டுடும்போல."

சத்யபிரியா தலையை ஆட்டினாள். வாயில் இட்லி. உதட்டோரம் எச்சில். முகம் நீலம் பாய்ந்துகொண்டிருந்தது.

"வெக்கத்தப் பாரு" என்று அம்மா கிட்டே வந்து, தோளைப் பிடித்துத் திருப்பினாள். "கடைசி ஹூக்க வுட்டுட்டியே. மூச்ச உள்ள இழு."

ஐஸில் ஊறிச் சில்லிட்ட விரல்கள் முதுகைத் தொட்டன. இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்தன.