முதல் பலகையில் ஐந்து சைபர்

நூலகத்தின் மாடி அறையில் அன்று யாரும் காயைத் தொடவில்லை. எல்லாரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். விஷயம் அப்படி.

சதுரங்க கிளப் தொடங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. அறையில் இருப்பது ஆறு மேசை, ஆறு பலகை. ஒரு பலகையில் கறுப்பு யானை தொலைந்துபோனதால் பசைக்குப்பியின் மூடிதான் யானை. அப்படிப்பட்ட கிளப், போன ஞாயிற்றுக்கிழமை முடிந்த அணிப் போட்டியில் எட்டு அணிகளில் மூன்றாவதாக வந்துவிட்டது. முதல் மூன்று அணிகளுக்கு அடுத்த பருவத்தில் மேல் பிரிவில் இடம் உண்டு.

"மேல் பிரிவுல சொந்தமா கட்டடம் வச்சிருக்கிற கிளப்பெல்லாம் வருமாம்" என்றாள் சின்ன இரட்டை.

"வரட்டுமே. நம்மகிட்ட மூடி யானை இருக்கு" என்றாள் பெரிய இரட்டை. அவள் பத்து நிமிடம் முன்னால் பிறந்தவள். எந்தப் பேச்சையும் அவள்தான் முடித்து வைப்பாள்.

நூலக அக்கா படியேறி வந்தார். நூலகத்தைப் பார்த்துக்கொள்வது அவர்தான். கிளப்புக்கு அறை கொடுத்து, போட்டிக்கு அழைத்துப்போவதும் அவர்தான். "குதிரை எப்படித் தாவும்னு தெரியும். அதுக்கு மேல என்கிட்ட கேட்காதீங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டவர்.

"கமா, உனக்கு ஒரு வேலை" என்றார். "போட்டி முடிவை எழுதிக் கொடு. கீழே அறிவிப்புப் பலகையில ஒட்டணும். அடுத்த சீசனைப் பத்தியும் நாலு வரி சேர்த்துக்கோ. அப்புறம், வெள்ளிக்கிழமைக்குள்ள நாலு பேர் கையெழுத்தோட படிவம் அனுப்பணும். மூணு பேர்னா எடுத்துக்க மாட்டாங்க."

கமா என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. அவள் பேச்சில் முற்றுப்புள்ளியே வராது என்று வகுப்பில் வைத்த பெயர். அவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. வயது பத்து. அணியில் நான்காவது பலகை அவளுடையது.

அவள் உடனே உட்கார்ந்து எழுதினாள். நான்காவது பலகை: ஐந்து ஆட்டத்தில் நான்கு வெற்றி. மூன்றாவது, சின்ன இரட்டை: மூன்று வெற்றி. இரண்டாவது, பெரிய இரட்டை: நான்கு வெற்றி. முதல் பலகை, நெட்டை...

பேனா நின்றது.

நெட்டைக்குப் பன்னிரண்டு வயது. கிளப்பில் எல்லாரையும்விட உயரம், எல்லாரையும்விட நன்றாக ஆடுபவன். கமா அவனை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. இரட்டையர் இருவரும் சேர்ந்து யோசித்து ஆடினாலும் அவனிடம் தோற்பார்கள். அதனால்தான் முதல் பலகையில் அவனை உட்கார வைத்தார்கள். ஆனால் போட்டியில் அவன் ஐந்து ஆட்டத்திலும் தோற்றான்.

கமா ஐந்து சைபர் போட்டாள். நிமிர்ந்தால், பின்னால் நெட்டை நின்றிருந்தான்.

"இதைக் கீழேயா ஒட்டுவாங்க?"

"ஆமா."

"நூலகத்துக்கு வர்ற எல்லாரும் பார்ப்பாங்க."

"மூணாவது இடத்தைத்தான் பார்ப்பாங்க, உன் வரியை மட்டும் யாரு..."

"நான் அடுத்த சீசனுக்கு வரலை" என்றான் நெட்டை. "வேற யாரையாவது போட்டுக்கோங்க." பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

கிளப்பில் மிச்சம் இருந்தவர்கள் எல்லாரும் ஏழு வயதுக்காரர்கள். அதில் ஒருவன் இன்னமும் ராஜாவை வாயில் வைத்துக் கடிப்பான்.

"அந்த வரியை எடுத்துடு. முதல் பலகைன்னே எழுதாத" என்றாள் சின்ன இரட்டை.

"எடுத்தா, ஏன் எடுத்தாங்கன்னு எல்லாரும் கேட்பாங்க. அது இன்னும் மோசம்" என்றாள் கமா. "பொய்யும் எழுதக் கூடாது, அவனும் போகக் கூடாது. எனக்குக் கொஞ்சம் நேரம் குடுங்க."

போட்டியில் ஒவ்வொருவரும் தங்கள் ஆட்டத்தை, தங்கள் நகர்வும் எதிராளியின் நகர்வுமாக, ஒரு தாளில் எழுதிக்கொண்டே வர வேண்டும். அந்தத் தாள்கள் நூலக அக்காவின் அலமாரியில் இருந்தன. நெட்டையின் ஐந்து தாள்களைக் கமா வாங்கிக்கொண்டாள். அவற்றைப் பார்த்து அவன் ஆட்டங்களைப் பலகையில் ஒவ்வொரு நகர்வாக ஆடிப் பார்த்தாள்.

முதல் ஆட்டத்தில் இருபத்து நான்கு நகர்வுக்குப் பிறகு தாளில் ஒன்றும் இல்லை. அதுவரை நெட்டைக்கு ஒரு குதிரை அதிகம்.

இரண்டாவது ஆட்டம் இருபத்து மூன்றாவது நகர்வோடு நின்றது. அதிலும் அவன் கை ஓங்கித்தான் இருந்தது. மூன்றாவதிலும் அப்படியே. நான்காவதும் ஐந்தாவதும் சரிசமம்.

"இது எப்படித் தோல்வி?" என்று கமா தன்னையே கேட்டுக்கொண்டாள்.

ஒவ்வொரு தாளின் அடியிலும் நடுவர் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: நேரம்.

ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரம். அது தீர்ந்தால், பலகையில் எவ்வளவு காய் இருந்தாலும் தோல்விதான். கடைசி ஐந்து நிமிடத்தில் மட்டும் நகர்வுகளை எழுத வேண்டியதில்லை. அதனால்தான் தாள்கள் பாதியில் நின்றிருந்தன. இருபத்து நான்கு நகர்வு ஆடுவதற்குள் அவனுக்கு ஐம்பத்தைந்து நிமிடம் போயிருக்கிறது. ஆனால் கிளப்பில் அவன் மளமளவென்று ஆடுவானே. அப்புறம் எங்கே போனது அந்த நேரம்?

கமா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு மற்ற நான்கையும் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

அது கையெழுத்தே இல்லை. அச்சு. ஒவ்வொரு எழுத்தும் கோட்டின் மேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. எழுத்தின் கால்கள் தடிமனாகத் தெரிய, ஒரே கோட்டை இரண்டு முறை இழுத்திருந்தான். எண்களுக்குக்கூட வால் வைத்திருந்தான்.

கிளப்பில் யாரும் நகர்வை எழுதுவதில்லை. கடிகாரமும் கிடையாது. அதனால் இது யார் கண்ணிலும் படவில்லை.

மறுநாள் பள்ளிவிட்டதும் கமா நெட்டையின் வீட்டுக்குப் போனாள். வீட்டின் முன்பக்கம் அவன் அப்பாவின் பட்டறை. அவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர். அன்று ஒரு மருந்துக்கடைப் பலகை மேசையில் நீட்டிக் கிடந்தது. பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறியது. நெட்டை ஒரு ஓரமாக உட்கார்ந்து தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"நான் வர மாட்டேன்னு சொல்லிட்டேன்ல?"

"அது இருக்கட்டும். இந்தா பேனா, இந்தா பேப்பர். நான் சொல்றதை எழுது. யானை, டி நாலு."

நெட்டை எழுதினான். கமா அம்மாவின் கைபேசியைக் கையில் வைத்திருந்தாள்.

"நாற்பது வினாடி" என்றாள்.

"அதுக்கென்ன?"

"உன் நகர்வுக்கு நாற்பது, எதிராளி நகர்வுக்கு நாற்பது. மொத்தம் எண்பது. முப்பது நகர்வுன்னா எவ்வளவு?"

நெட்டை மனக்கணக்கில் கெட்டிக்காரன். முகம் மாறியது. "நாற்பது நிமிஷம்."

"சரி, உன் நகர்வை எழுதிட்டு கடிகாரத்தை அழுத்துவியா, இல்ல அழுத்திட்டு எழுதுவியா?"

"எழுதிட்டுதான். எழுதாம எப்படி அழுத்துறது?"

"அய்யோ சாமி" என்றாள் கமா. "முதல்ல அழுத்து, அப்புறம் எழுது. நீ எழுதுறப்போ அவன் நேரம் ஓடட்டும். நாங்க மூணு பேரும் அப்படித்தான் பண்றோம்."

நெட்டை பேனாவைக் கீழே வைத்தான். தான் எழுதியதை ஒருமுறை பார்த்தான்.

"எனக்கு ஆடத் தெரியலைன்னு நினைச்சேன்" என்றான்.

"அஞ்சு ஆட்டமும் போட்டுப் பார்த்தேன். மூணுல நீ மேல இருந்த. மிச்சம் ரெண்டுல சமம். நீ ஒருத்தன்கிட்டயும் தோற்கலை, பேனாகிட்டதான் தோத்திருக்க."

நெட்டைக்குச் சிரிப்பு வந்தது. உடனே கவலையும் வந்தது. "ஆனா எனக்கு வேகமா எழுத வராதே. கோணலா எழுதினா கை கூசுது. சின்ன வயசுல இருந்து அப்பாவைப் பார்த்தே பழகிட்டேன்."

"அதுக்குத்தானே நான் வந்திருக்கேன்" என்றாள் கமா. "எங்க வகுப்புலயே மோசமான கையெழுத்து என்னுதுதான். நான் ஏழு போட்டா கணக்கு டீச்சர் ஒண்ணுன்னு படிப்பாங்க, ஒண்ணு போட்டா ஏழுன்னு படிப்பாங்க. சில நாள் அதுல மார்க்கும் கூடிடும்."

பாடம் தொடங்கியது. நெட்டை முதலில் எழுதியது அழகாகத்தான் வந்தது. கமா தலையை ஆட்டினாள். "ம்ஹூம். பேனாவை இவ்வளவு மரியாதையா பிடிக்காத." இரண்டாவது முறை கொஞ்சம் சாய்ந்தது. ஏழாவது முறை ஒரு எண் கோட்டை விட்டு இறங்கியது. நெட்டை கண்ணை மூடிக்கொண்டான்.

"பார்த்தியா, ஒண்ணும் ஆகலை" என்றாள் கமா. "ஒன்பது வினாடி. இன்னும் கெடுக்கலாம்."

அந்தப் பக்கமாக வந்த அப்பா தாளை எட்டிப் பார்த்துத் திடுக்கிட்டார். "என்னடா இது, கோழி கிளறின மாதிரி? கையில அடிபட்டுதா?"

"இல்ல மாமா, நான்தான் சொல்லிக் கொடுக்கறேன்" என்றாள் கமா பெருமையாக. விஷயத்தை முழுதாக விளக்கினாள்.

அப்பா கேட்டுவிட்டுத் தாடையைச் சொறிந்தார். "பலகைக்கு ஒரு எழுத்து, கணக்குச் சிட்டைக்கு ஒரு எழுத்து. என் சிட்டையைப் பார்த்திருக்கியாடா? எனக்கே புரியாது." சொல்லிவிட்டு மருந்துக்கடைப் பலகைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

நெட்டை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். இந்த விஷயம் அவனுக்கு இதுவரை தெரியாது.

வியாழக்கிழமைக்குள் ஐந்து வினாடிக்கு வந்துவிட்டான். நூலக அக்கா எங்கோ பேசி, பழைய சதுரங்கக் கடிகாரம் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். இரட்டையர் இருவரும் மாறி மாறி அவனோடு ஆடினார்கள். "முதல்ல அழுத்து" என்று கமா பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் அறிக்கையை அவனிடம் நீட்டினாள். "படி. வேண்டாம்னா மாத்திடறேன்."

அவன் படித்தான். முதல் பலகை: ஐந்து ஆட்டம், ஐந்து தோல்வி. ஐந்தும் நேரம் தீர்ந்ததால் வந்தவை. மூன்றில் நம் ஆட்டக்காரர் முன்னிலையில் இருந்தார். காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம். அடுத்த பருவத்தில் மேல் பிரிவில் ஆடுகிறோம். முதல் பலகையில் அதே ஆட்டக்காரர்.

"அதே ஆட்டக்காரரா?" என்றான்.

"படிவம் அக்கா மேசையில இருக்கு. மூணு கையெழுத்து போட்டாச்சு."

நெட்டை கீழே போய்க் கையெழுத்துப் போட்டான். அதை மட்டும் அழகாகவே போட்டான்.

புதிய பருவத்தின் முதல் ஆட்டம் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. எதிரணி போன வருடச் சாம்பியன். நால்வரும் ஒரே மாதிரி நீலச் சட்டை போட்டிருந்தார்கள். பெரிய இரட்டை ஜெயித்தாள். சின்ன இரட்டை சமன் செய்தாள். கமா ராணியைத் தவறான கட்டத்தில் வைத்துத் தோற்றாள். அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபப்பட நேரமில்லை. இரண்டு பக்கமும் ஒன்றரைப் புள்ளி. முதல் பலகை மட்டும் இன்னும் நடந்துகொண்டிருந்தது.

அவள் மெல்லப் போய்ப் பார்த்தாள். முப்பத்தாறாவது நகர்வு. நீலச் சட்டைக்காரனிடம் மூன்று நிமிடம். நெட்டையிடம் பதினெட்டு.

நீலச் சட்டைக்காரன் கையை நீட்டினான். "டிரா வச்சுக்கலாமா?"

நெட்டை பலகையைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, தண்ணீர் குடித்தான். நான்கு நிமிடம் நிதானமாக யோசித்தான். இப்படி யோசிக்க அவனுக்கு எந்தப் போட்டியிலும் நேரம் கிடைத்ததில்லை.

"வேண்டாம், ஆடலாம்" என்றான். ஒரு சிப்பாயை முன்னால் நகர்த்தினான். கடிகாரத்தை அழுத்தினான். அப்புறம் எழுதினான்.

பதினோரு நகர்வு கழித்து அந்தச் சிப்பாய் ராணியானது. நீலச் சட்டைக்காரன் எழுந்து கை கொடுத்தான்.

நடுவர் தாளை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "தம்பி, இந்தப் பதினேழாவது நகர்வு என்ன?"

நெட்டை குனிந்து பார்த்தான். அவனுக்கும் தெரியவில்லை. கமாவைப் பார்த்தான்.

"மந்திரி, எஃப் நாலு" என்றாள் கமா, கொஞ்சமும் யோசிக்காமல். "எவ்வளவு தெளிவா இருக்கு."

நடுவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். இரண்டாவது சுற்றுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. எல்லாரும் சாப்பிடப் புறப்பட்டார்கள். இரட்டையர் கூப்பிட்டும் நெட்டை எழுந்திருக்கவில்லை. "நீங்க போங்க, இதோ வரேன்" என்று சொல்லிவிட்டு, முதல் பலகையில் காய்களை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினான்.